பூட்டியின் பெயர் என்ன?

ஏழு தலைமுறை மேலே ஏறிப் பார்த்தால் ஒருவருக்கு நேர் முன்னோர் எத்தனை பேர்? அம்மா, அப்பா இருவர். பாட்டி, தாத்தாக்கள் நால்வர். பூட்டி, பூட்டன்கள் எட்டுப் பேர். இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் ஏழாவது படியில் மட்டும் 128 பேர் நிற்கிறார்கள். அவர்களில் 64 பேர் பெண்கள். ஆனால் "எங்கள் வம்சம்" என்று சொல்லும்போது அந்த 128 பேரில் நாம் எடுத்துக்கொள்வது ஒரே ஒருவரை. அப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று ஏறிப்போன ஒற்றைக் கோட்டின் முனையில் நிற்கும் ஆணை. 64 பெண்களில் ஒருத்திகூட அந்தக் கோட்டில் இல்லை.

இதில் தமிழ் மொழிமேல் குற்றம் சொல்ல முடியாது. தாத்தாவுக்குப் பாட்டி, பூட்டனுக்குப் பூட்டி, ஓட்டனுக்கு ஓட்டி என்று ஒவ்வொரு படிக்கும் அது பெண்ணுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. சொல் இருக்கிறது, பெயர்தான் இல்லை. பூட்டனின் பெயரைப் பேரனுக்கு வைத்தோ, சொத்துப் பத்திரத்தில் பார்த்தோ சிலருக்காவது தெரிந்திருக்கும். அம்மாவின் அம்மாவின் அம்மா பெயர் என்ன என்று கேட்டால் வீட்டிலேயே மூத்தவரிடம் போகவேண்டும். அவரும் "அவங்களை வடக்கூர் ஆச்சின்னுதான் கூப்பிடுவாங்க" என்று ஓர் ஊரின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடக் கூடும்.

கடல் கடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உலகெங்கும் முன்னோரைத் தேடுகிறார்கள். அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் சந்ததிக்கு இது ஒரு பெரும் இயக்கம். டர்பனிலும் மொரிஷியஸிலும் பிஜியிலும் இலங்கை மலையகத்திலும் உள்ள தமிழருக்கும் அந்தத் தாகம் உண்டு. அவர்கள் புரட்டும் ஏடுகளை இந்தக் கட்டுரை ஒரு கதையை, கவிதையை வாசிப்பதுபோலவே வாசிக்க முயல்கிறது. கேட்டவர் யார், சொன்னவர் யார், எழுதியவர் யார், எந்தக் கட்டம் காலியாக விடப்பட்டது? இந்த நான்கு கேள்விகளோடு போனால், எல்லா ஏடுகளும் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கேள்வி கண்ணில் படும்: தகப்பன் பெயர் என்ன?

மலையடியில் ஓர் ஊர்

புளியறையை எடுத்துக்கொள்வோம். செங்கோட்டையிலிருந்து கேரளம் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் தமிழ்நாட்டின் சோதனைச் சாவடி நிற்கும் ஊர். எஸ் வளைவைத் தாண்டி ஏறினால் கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை. இன்று இது தென்காசி மாவட்டம். 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டம். 1956 நவம்பர் 1க்கு முன்போ செங்கோட்டை வட்டம் முழுவதும் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது வட்டத்தின் கிழக்குப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது, ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது.

ஆகவே இந்த ஊரிலிருந்து போன ஒருவரைத் தேடுகிறவர் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தின் பழைய ஏடுகளோடு நிறுத்திக்கொள்ள முடியாது. திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். மலையாள எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டி ஆங்கில ஆண்டாக்கத் தெரிய வேண்டும். இவ்வளவும் கற்றுக்கொண்டு போனாலும் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் நிலத்தின் ஏடுகள். நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயர் இருக்கும். நிலமில்லாத ஆணும், நிலமிருந்தாலும் பெயரில்லாத பெண்ணும் அங்கே இல்லை.

காகிதம் கைவிடும்போது தெற்கத்தி ஊர்களில் கேட்கும் அடுத்த கேள்வி "உங்க சாஸ்தா எது?" என்பது. பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் தங்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்வார்கள். சாஸ்தா தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் பங்காளிகள் தெரிவார்கள். அருமையான ஒரு நினைவு ஏடு இது. ஆனால் கல்யாணமான பெண்ணுக்குச் சாஸ்தா மாறிவிடுகிறார். பிறந்த வீட்டுத் தெய்வத்தை விட்டுப் புருஷன் வீட்டுத் தெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறவளாக அவள் ஆகிறாள். கோயில் வரி தலைக்கட்டுக் கணக்கில் வசூலாகும்போது தலைக்கட்டு என்பது கல்யாணமான ஆண். எழுத்து ஏட்டில் இல்லாதவள் வாய்மொழி ஏட்டிலும் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை அழிக்கப்படுகிறாள்.

இதுதான் இயற்கை என்று சொல்லிவிட முடியாதபடி, புளியறையை அப்போது ஆண்ட திருவிதாங்கூரிலேயே தாய்வழியில் எண்ணிய குடும்பங்கள் இருந்தன. நாயர் தறவாடுகளும் நாஞ்சில் நாட்டு வேளாளர் பலரும் மருமக்கள் வழியினர். தாயின் வழியை வைத்தே யார் எந்த வீடு என்று அந்த அரசு கணக்கு வைத்தது. அதைப் பெண்ணாட்சி என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. வீட்டுச் சாவி தாய்மாமன் கையில் இருந்தது. மனைவியும் மக்களும் பட்ட பாட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்று அங்கதமாகவே எழுதினார். 1925இல் நாயர்களுக்கும் 1926இல் நாஞ்சில் வேளாளருக்கும் சட்டம் மாறியது. ஆனால் ஒன்று உறுதி. தகப்பன் பெயர் இல்லாமலும் ஓர் அரசு ஏடு எழுத முடிந்திருக்கிறது.

அயர்லாந்தின் ஏடுகள்

முன்னோர் தேடலுக்கு அயர்லாந்து இன்று பேர்போன நாடு. அதன் ஏடுகளில் பாதி சாம்பல். 1922 உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குத் தாள்கள் பெரும்பாலும் அழிந்தன. அதற்குப் பிந்தைய நான்கு கணக்குகளின் தாள்களை அரசே வெவ்வேறு காலத்தில் அழித்துவிட்டது. முழுதாக மிஞ்சியவற்றில் மூத்தவை 1901, 1911 கணக்குகள். அவை இரண்டும் வீடு வீடாக, பெயர் பெயராக, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன.

1911 படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. மணமான பெண்ணிடம் கேட்டது: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? இரண்டு எண்கள் அருகருகே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவிலுள்ள வித்தியாசம் ஒரு தாய் புதைத்த பிள்ளைகளின் கணக்கு. அரசு அதை மக்கள்தொகைப் புள்ளிவிவரமாகக் கேட்டது. நூறு வருடம் கழித்து வாசிக்கும் பேத்திக்கு அது வேறு எதுவுமாகவோ ஆகிறது.

கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நான ஏடுகள் இன்னும் முக்கியமானவை. சுமார் 1880 வரையிலான அந்த ஏடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் வைத்தது. அவற்றில் தாயின் பெயர் அவள் பிறந்த குடும்பப் பெயரோடு எழுதப்படுவது வழக்கம். அந்த ஒரு வழக்கத்தால் தேடல் தாய் வீட்டுக்கும் கிளை பிரிந்து போகிறது. நம் பக்கத்து ஆங்கிலிகன் சபைகள் பின்பற்றிய இங்கிலாந்துப் படிவத்திலும் தாயின் பெயர் உண்டு, தகப்பனின் தொழிலுக்கும் கட்டம் உண்டு. தாய் யாருடைய மகள் என்பதற்குத்தான் கட்டம் இல்லை. பாளையங்கோட்டையில் 1780இல் எழுதப்பட்ட சபை ஏட்டில் 40 பேர் இருந்தனர். அதில் முதற்பெயர் ஒரு பெண்ணுடையது: கிளாரிந்தா. 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்த பிராமணக் கைம்பெண். திருநெல்வேலிச் சபையின் வரலாறே ஒரு பெண் பெயரில் தொடங்குகிறது என்று நாம் மகிழலாம். கூடவே, அது அவளைப் பெற்றவள் கூப்பிட்ட பெயர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அயர்லாந்திலும் எல்லாம் சரியாக இருந்ததென்று நினைக்க வேண்டாம். எரிந்துபோன கணக்குகளுக்குப் பதிலாகத் தேடுபவர்கள் பார்க்கும் கிரிஃபித்தின் வரி மதிப்பீடு, 1847க்கும் 1864க்கும் இடையே அச்சானது, வீட்டுக்குப் பொறுப்பான ஆளை மட்டுமே எழுதியது. புருஷன் செத்தால்தான் மனைவி அதில் தலைகாட்டுவாள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் இறங்கியவள் ஆனி மூர் என்ற கார்க் நகரத்துச் சிறுமி. பாடப்புத்தகம், சிலை எல்லாம் அவளுக்கு உண்டு. ஆனால் டெக்ஸாஸ் போய் வாழ்ந்த வேறொரு ஆனி மூரின் வாழ்க்கையையே பல ஆண்டுகள் இவளுடையதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையான ஆனி நியூயார்க்கிலேயே ஏழ்மையில் பிள்ளைகள் பெற்று 1924இல் இறந்தாள் என்பதை 2006இல்தான் மேகன் ஸ்மோலென்யாக் என்ற குடும்ப வரலாற்றாய்வாளர் கண்டுபிடித்தார். கல்யாணத்தோடு பெண்ணின் பெயர் மாறும் நாட்டில், சிலை வைத்த பெண்ணே காணாமல் போக முடியும்.

டியூம் ஊரின் கதை இன்னும் கனமானது. மணமாகாமல் கருவுற்ற பெண்களை அடைத்து வைத்த 'தாய்-சேய் இல்லம்' அங்கே 1925 முதல் 1961 வரை நடந்தது. கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர் வரலாற்றாய்வாளர் இறப்புப் பதிவுகளைத் தேடியெடுத்து, அங்கே இறந்த 796 குழந்தைகளின் பெயர்களை வெளிக்கொண்டுவந்தார். 2014இல் அது உலகச் செய்தியானது. பதிவேடு அதிகாரத்தின் கருவிதான். ஆனால் சரியான கேள்வியோடு ஒரு பெண் அதைத் திறந்தபோது அதே ஏடு சாட்சி சொன்னது.

கப்பல் தாளும் தகரத்துண்டும்

இந்தியாவில் நம் வீட்டாரின் பெயரைப் பழைய மக்கள்தொகைக் கணக்கில் தேட முடியாது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் தாள்களை அழித்தார்கள், மொத்தக் கணக்கை மட்டும் அச்சிட்டார்கள். 1948 கணக்கெடுப்புச் சட்டத்தின்படி தனி ஆளின் விவரம் யாருக்கும் காட்டக்கூடாத இரகசியம். பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாக்கியது 1969இல். ஊரில் இருந்தவளுக்குப் பெயரில்லாதபோது, ஊரைவிட்டுப் போனவளுக்குப் பெயர் கிடைத்தது. ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர்களை வெள்ளை அரசு ஒவ்வொருவராக எழுதிவைத்தது.

1860க்கும் 1911க்கும் இடையே நேட்டாலுக்கு 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஊர்ப் பெயர்கள் அடையாளம் தெரியாமல் சிதைந்தன. தாய் பெயருக்குக் கட்டம் இல்லை. குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப் பெயராக நிலைத்தது.

ஆனால் இந்தத் தாள்களில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விதி இருந்தது. அந்த விகிதத்தை எட்டாமல் கப்பல் கிளம்ப முடியாது என்பதால் ஆள் பிடிப்பவர்கள் தனிப்பெண்களைத் தேடி அலைந்தார்கள். கைம்பெண், புருஷனை விட்டு வந்தவள், பஞ்சத்தில் வீட்டை இழந்தவள் என்று பலரும் அப்படிக் கப்பலேறினார்கள். பிற்காலத்து வெளியேற்றச் சீட்டில் 'அடுத்த உறவினர்' என்றும், 'மணமாகியிருந்தால் யாருடன்' என்றும் கட்டங்கள் உண்டு. தாய், அக்கா பெயர் வருவதானால் அந்த முதற்கட்டத்தில்தான் வரும். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அவள் தனியே போனாள் என்று பொருள். அதிகாரிகள் அந்தக் காலியிடத்தை 'ஒழுக்கம் கெட்டவள்' என்று வாசித்தார்கள். பெண்ணிய ஆய்வாளர்கள் வேறு விதமாக வாசித்தார்கள். கயானாவில் பிறந்த கயூத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட நூல், 1903இல் கல்கத்தாவிலிருந்து கருவோடு தனியே கப்பலேறிய தன் பூட்டி சுஜாரியாவைத் தேடிப் போகிறது. பிள்ளையின் தகப்பன் யார் என்பதற்கு ஏடு பதில் தரவில்லை. அதைக் குறையாக மறைக்காமல், பூட்டியையே வம்சத்தின் தொடக்கமாக வைத்து அவர் எழுதினார். தகப்பன் பெயர் இல்லாத இடத்தில்தான் ஒரு பெண் முன்னோராக நிற்க முடிந்தது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெருங்கூட்டமாகப் போனது இலங்கைக்கு. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியும், மன்னார் வழியாக நடந்தும் போனார்கள். அங்கே ஒப்பந்தச் சீட்டு முறை இல்லை. கங்காணியே ஆள் பிடித்தான். நேட்டாலைப்போலப் பெயர்வாரியான கப்பல் பட்டியல் அதனாலேயே வாய்க்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் தொங்கியது தகரத்துண்டு. அதில் எண்கள்தான் வெட்டியிருந்தன. தோட்டம் மாறப் 'பற்றுச்சீட்டு' வேண்டும். அதைத் துண்டு என்பார்கள். ஆளின் கடன் எவ்வளவு என்பதே அதன் சாரம். 1921இல் அதை ஒழித்தார்கள்.

தோட்டத்தில் பெயர் இருந்த ஏடு செக்ரோல். அங்கே 'பேர்' என்ற சொல்லே பொருள் மாறியது. ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். தன் பெயரைக் கொழுந்து நிறுத்து நிறுத்து ஒவ்வொரு நாளும் அவள் சம்பாதிக்க வேண்டியிருந்தது. சம்பாதித்த கூலியையோ பல காலம் புருஷனோ தகப்பனோதான் வாங்கிக்கொண்டான். பெண்ணின் உழைப்புக்கு ஏடு வைத்த விலையை இதைவிடத் தெளிவாக ஒரு சொல் சொல்லிவிட முடியாது.

கவிதையும் கதையும்

ஏடு விட்டதை இலக்கியம் எழுதியதா? தென்காசிக்குப் பக்கத்துக் கடையத்தில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த பாரதி, பிஜித் தீவின் பெண்களைப் பற்றி எழுதிய 'கரும்புத் தோட்டத்திலே' நம் பள்ளி நினைவில் உள்ள பாட்டு. அதன் கோபம் உண்மையானது. அந்தக் காலத்தில் அவ்வளவு தூரத்துத் துயரைத் தமிழில் கேட்க வைத்ததற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பாட்டில் உள்ள பெண்களுக்குப் பெயர் கிடையாது. அவர்கள் ஒரு கூட்டமாக நின்று அழுகிறார்கள். நாட்டின் மானம் அவர்கள் உடம்பில் புண்படுகிறது. பிஜியின் வெளியேற்றச் சீட்டிலோ ஒவ்வொருத்திக்கும் பெயர் உண்டு, வயது உண்டு, காலில் தழும்பு உண்டு, குரல்தான் இல்லை. குரல் கொடுத்த கவிதை பெயரை விட்டது, பெயரைப் பதிந்த அரசு குரலை விட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' இன்னும் நெருங்கி வருகிறது. நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியைச் சேர்ந்த தலித் பெண் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் உடல் சிதைகிறாள். ஊரிலும் சாதி, தோட்டத்திலும் அதிகாரம், இரண்டு இடத்திலும் அவள் உடம்பே விலை. கதை பல இடங்களில் பரிதாபத்தையே நம்பி நிற்கிறது, மருதி யோசிப்பதைவிட அவளுக்கு நடப்பதே அதிகம். ஆனாலும் கதையின் இழை தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. எந்த ஏட்டிலும் கட்டமில்லாத ஓர் உறவை ஒரு கதை பெயரோடு வைத்திருக்கிறது.

பாட்டி போதாது

இதெல்லாம் பழங்கதை என்றால் விட்டுவிடலாம். இல்லை. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் கேட்டது இதையே: உன் தகப்பன் இலங்கையில் பிறந்தானா? இல்லையென்றால் தகப்பன்வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்தார்களா? தாய் அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து பறித்துச் செத்திருந்தாலும் கணக்கில் வராது. பெயர்ப் பட்டியலே இல்லாமல் தகரத்துண்டோடு வந்த மக்களிடம் மூன்று தலைமுறை ஆணின் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டார்கள். சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவராயினர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்காகப் புளியறைக்கு அப்பால், மலை ஏறி இறங்கினால் வரும் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் தோட்டங்கள் போட்டார்கள். 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு அதற்கென்று ஒரு நிறுவனமே அமைந்தது. கொழுந்து பறித்த விரல்கள் பால் வெட்டப் பழகின.

இந்தியாவும் பெருமைப்பட ஒன்றுமில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை என்று நம் 1955 சட்டம் திருத்தப்பட்டது 1992இல். இலங்கை 2003இல் திருத்தியது. அயர்லாந்தின் 1956 சட்டமோ 'தகப்பன் அல்லது தாய்' என்றே எழுதியது. அயர்லாந்தில் பிறந்த பாட்டி ஒருத்தி இருந்தால் பேரப்பிள்ளை இன்று குடியுரிமை கேட்கலாம். 2024இல் மொரிஷியஸின் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியர் அட்டை உண்டு என்று நம் அரசு அறிவித்தது. சட்டத்தில் இப்போது தாய்வழிக்குத் தடையில்லை. ஆனால் 64 பெண்களின் காகிதத்துக்கு எங்கே போவது?

செங்கோட்டை வட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வண்ணார் சமூகம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் அதே சமூகம் பட்டியல் சாதி. பழைய திருவிதாங்கூர் எல்லை இன்னும் சாதிச் சான்றிதழில் உயிரோடு இருக்கிறது. புளியறைப் பெண்ணைப் பக்கத்துத் தென்காசி வட்டத்தில் கட்டிக்கொடுத்தால் அவள் பட்டியல் சாதி, பிள்ளைகள் பெரும்பாலும் இல்லை. ஏனென்றால் பிள்ளையின் சாதியைப் பெரும்பாலும் தகப்பனை வைத்தே பார்க்கிறார்கள். தகப்பன் சாதிதான் என்பது மறுக்கக்கூடிய ஊகமே, தாயின் சமூகத்தில் அதன் இழிவுகளோடு வளர்ந்ததைப் பிள்ளை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. நிரூபிக்கும் பாரம் பிள்ளைமேல், அதாவது தாய்மேல்.

ரேஷன் அட்டையில் 2013 சட்டத்துக்குப்பின் மூத்த பெண்ணே குடும்பத் தலைவி. மகளிர் உரிமைத் தொகையும் குடும்பத் தலைவிக்கே வருகிறது. அரிசி வாங்க, பணம் வாங்க அவள் தலைவி. இன்னாருடைய பிள்ளை இது என்று சொல்லும் இடத்தில் மட்டும் அவள் சொல் போதாது.

எங்கே தேடுவது

அதனால் தேடும் முறையை மாற்ற வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். மூத்த பிள்ளை பிறந்த ஊரைக் கண்டுபிடித்தால் அது தாயின் ஊராக இருக்க வாய்ப்பு அதிகம். கல்யாணம் பெண்ணின் பங்கில் நடந்தது, முதற்பிள்ளைக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்திருக்கக்கூடும் என்று அயர்லாந்தில் தேடுபவர்களும் இதே உத்தியைக் கையாளுகிறார்கள். பரணில் கிடக்கும் சீர்ப் பாத்திரங்களை இறக்கிப் பாருங்கள். பித்தளைக் குடத்தின் கழுத்தில் வெட்டிய பெயரும் தேதியும் உங்கள் ஆச்சியைப் பற்றிய மிகப் பழைய எழுத்தாக இருக்கலாம். ஒப்பாரி சொல்லத் தெரிந்தவரிடம் உட்காருங்கள். பிறந்த வீட்டையும் கூடப்பிறந்தவனையும் பெயர் சொல்லி அழைக்கும் அந்தப் பாட்டுகளில் தாய்வழி ஊர்கள் கிடக்கின்றன. கப்பல் தாள் கிடைத்தால் தகப்பன் பெயரோடு நிறுத்தாமல் 'அடுத்த உறவினர்' கட்டத்தையும், அடுத்தடுத்த எண்களில் அதே கிராமத்திலிருந்து ஏறிய பெண்களையும் பாருங்கள். தாயும் மகளும் அப்படிப் பக்கத்து எண்களில் நிற்கக்கூடும்.

அதற்கு முன், இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு தாளில் அம்மா பெயரை எழுதி, அதற்கு மேல் அவள் அம்மா, அதற்கு மேல் அவள் அம்மா என்று ஏறுங்கள். ஒவ்வொருத்திக்கும் பிறந்த ஊர், செய்த வேலை, பெற்ற பிள்ளைகள், தங்கிய பிள்ளைகள் என்று எழுதுங்கள். பெரும்பாலோருக்கு நான்காவது வரி காலியாக நிற்கும். அந்தக் காலியிடத்தைத் தகப்பன்வழிப் பெயரொன்றால் நிரப்ப வேண்டாம். 'பெயர் கேட்கப்படவில்லை' என்று எழுதுங்கள். கேட்காதவர் யார் என்பதும் அந்த வரியில் பதிவாகட்டும். பிறகு உங்கள் பெயரை முழுதாக, உங்கள் ஊரோடு, கடைசி வரியில் எழுதுங்கள். நாளைக்கு யாரோ ஒருத்திக்கு நீங்கள்தான் பூட்டி.